விழாதவனின் கட்டு

நான் வேலை பார்த்த யூனிட்டில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் தயாரித்தார்கள். என் வேலை நூல் எண்ணுவது. ஒரு மேசை, தலைக்கு மேல் ஒரு டியூப் லைட், கையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. ஓர் அங்குலத்துக்குள் நெடுக்கே எத்தனை இழை, குறுக்கே எத்தனை இழை என்று எண்ணிச் சீட்டில் எழுத வேண்டும். பதினோரு வருஷம் எண்ணினேன். வேலை பிடிக்காமல் இல்லை. என் மேசைக்கும் மடிப்பு செக்ஷனுக்கும் நடுவில் ஒரு சுவர் இல்லை, அதுதான் குறை. மடிப்பு செக்ஷனில் பால்ச்சாமி இருந்தார். காலையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போது ஆரம்பித்த பேச்சை, சாயங்காலம் ஸ்டாண்டை எடுக்கும்போதுதான் நிறுத்துவார். பதில் சொன்னால் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும். சொல்லாவிட்டால், "என்னல காசி, எம்மேல வருத்தமா?" என்று அதற்கு ஒரு மணி நேரம்.

1988ஆம் வருஷம் ஆனி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் லைனுக்கு, அதாவது அந்தப் பக்கத்து ஆசுபத்திரிகளுக்கு, சரக்கு கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தவர் வேலையை விட்டார். கம்பெனியின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளிலிருந்து மூன்று முறை விழுந்திருந்தார். மூன்றாவது முறை இரண்டு கட்டு பேண்டேஜோடு கண்மாய்க்குள் விழுந்தார். எங்கள் சரக்கின் தகுதியே தண்ணீரை உறிஞ்சுவதுதான். அன்று அது தன் தகுதியை முழுமையாக நிரூபித்தது.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். புதிதாக ஓட்டுகிறவனுக்குப் போக அரை மணி, வர அரை மணி. அந்த ஒரு மணி நேரம் என்னோடு யாராலும் பேச முடியாது. வேறு காரணம் எதுவும் இல்லை. முதலாளி ஐயாதுரையிடம் போய் நின்றேன்.

"ஏலே, லைனுக்குப் போறவன் பேசணும்ல. நீ கல்யாணத்தன்னைக்கே தலையத்தான ஆட்டுன."

"வண்டி ஓட்டிருவேன் முதலாளி."

"வண்டி ஓட்ட வாய் வேண்டாம். சரக்கு ஓட்ட வேணும்." கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "பால்ச்சாமி நல்லாப் பேசுவான். ஆனா அவன் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர மாட்டான். வழில பாக்கவன்கிட்டல்லாம் நின்னுருவான். சரி, ஒண்ணாந்தேதி வரைக்கும் நீ பழகு. நடுவுல நீ விழுந்தன்னு ஒரு சேதி என் காதுக்கு வந்துது, சாவி பால்ச்சாமிக்கு. ஆள் நனைஞ்சா காயவச்சுக்கிடலாம். சரக்கு நனைஞ்சா என்ன செய்ய?"

வீட்டில் என் மனைவி பரிபூரணம் வேறொரு நிபந்தனை வைத்தாள். அவள் வீட்டிலிருந்தபடியே அதே கம்பெனிக்குப் பேண்டேஜ் சுற்றிக் கொடுப்பவள்.

"நான் சுத்துற ஒவ்வொண்ணும் எவளோ ஒருத்தி வீட்டுக்காரனுக்குத்தான போவுது. இந்த வீட்டுக்கு ஒண்ணு வந்திரக் கூடாது. தலையில இருந்து கால் வரைக்கும் எல்லாத்தையும் மூடிட்டு ஓட்டுங்க. ஒரு இடம் வெளிய தெரிஞ்சாலும் வண்டியத் தொடக் கூடாது."

அவள் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். அதற்கு முன்பே மைதானத்தில் வண்டி பழகியபோது ஒவ்வொரு பள்ளமும் எனக்குப் பேண்டேஜ் துணியின் மீட்டர் கணக்கில்தான் தெரிந்தது. இந்தப் பள்ளம் முழங்கை, ஒன்றரை மீட்டர். அந்தக் கல் முழங்கால், மூன்று மீட்டர். தலை என்றால் ஆறங்குல அகலத்தில் இரண்டு உருளை. அவ்வளவு துணியைப் பார்த்துவிட்டவனுக்குத் தைரியம் வராது.

பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் நான்கு பக்கங்கள் கிடைத்தன. புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் என்னென்ன அணிய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். தலைக்கவசம் தளர்வாக இருக்கக் கூடாது. தலையை ஆட்டினால் கன்னத்துச் சதையும் சேர்ந்து ஆட வேண்டும். சட்டை, உரசினாலும் கிழியாத தடிப்பில் இருக்க வேண்டும். அதற்கு அளவு எடுக்கும்போது நிற்கக் கூடாது, வண்டியில் உட்காருவதுபோல் உட்கார வேண்டும். விரல்களை மூடிய கையுறை. கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். முழங்காலுக்கும் முழங்கைக்கும் மெத்தென்று ஏதாவது.

தலைக்கவசத்துக்கு மதுரைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் சிரட்டையைக் கவிழ்த்ததுபோல் ஒன்றை எடுத்து வைத்தார்.

"காது தெரியுதே" என்றேன்.

"காது தெரியாட்டி பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கிறது எப்படிண்ணே கேக்கும்?"

முகம் முழுவதும் மூடுவதைக் கேட்டேன். வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று இருந்தன. சிவப்பு என் காதிலேயே நின்றுவிட்டது. வெள்ளை இறுக்கமாக இறங்கியது.

"இது டைட்டாருக்குண்ணே. ஒரு சைஸ் லூசா எடுங்க."

"லூசா இருக்கக் கூடாதாம்."

"ஒரு தலைக்குன்னு எடுத்தா எப்படி? நாளைக்கு மச்சினனுக்கு ஆகும், மாமனாருக்கு ஆகும்." பிறகு என் மேல் நம்பிக்கை இழந்து, தளர்வான ஒன்றைத் தானே மாட்டிக்கொண்டு, ஒரு ஸ்பேனரை எடுத்துத் தன் தலையில் மூன்று முறை ஓங்கி அடித்தார். "என்ன தெரிஞ்சுச்சு?"

"ஒண்ணும் தெரியலை."

"எனக்கும் ஒண்ணும் தெரியல. அதான்ணே ஹெல்மெட்டு."

நான் வெள்ளைக் கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டி, முகத்தை மூடும் கண்ணாடியை இறக்கினேன். கடை என்னைவிட்டு நாலடி தள்ளிப் போனது. டவுன்ஹால் ரோட்டின் அத்தனை சத்தமும் ஏதோ பக்கத்து ஊரில் நடப்பதுபோல் ஆயிற்று. கடைக்காரரின் வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் எட்டவில்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக எனக்கென்று ஓர் அறை கிடைத்ததுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அண்ணே, மூச்சு விடுறீங்களா?" என்றார்.

தோல் சட்டை எங்கள் ஊரில் கிடைக்காது. டெய்லர் சிவனாண்டியிடம் போனேன். கம்பெனியில் கழித்துப் போட்ட காடாத் துணி மூன்று அடுக்கு, நடுவில் நாங்கள் ஆசுபத்திரிகளுக்கு விற்கும் பஞ்சு, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் என்று விளக்கினேன்.

"மொதல்ல இது சட்டையா மெத்தையா, அதச் சொல்லுங்க அண்ணாச்சி. சட்டைன்னா பட்டன் வைப்பேன். மெத்தைன்னா குஞ்சம் வைப்பேன்."

"சட்டைதான். ஆனா விழுந்தா மெத்தை."

"நின்னா?"

"நிக்கும்போது என்னன்னு நான் யோசிக்கலை."

பத்திரிகையில் சொன்னபடி பெஞ்சில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினேன். சிவனாண்டி நேர்மையான தொழிலாளி. நான் உட்கார்ந்திருந்ததை அப்படியே தைத்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்தால் சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டது. இறங்கி நின்றாலும் கை கீழே வராது. யாரையோ தூக்கிக்கொள்ள வருகிறவன்போல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

கையுறை, கம்பெனியில் துணி வெளுக்கும் சலவைத் தொட்டியில் வேலை செய்பவர்கள் போடும் வெள்ளை ரப்பர். பூட்ஸ் மதுரை நடைபாதையில் வாங்கியது. வலதும் இடதும் வேறுவேறு ஆட்களுடையவை. முழங்காலுக்கும் முழங்கைக்கும் பரிபூரணம் பஞ்சை வைத்து எலாஸ்டிக் பேண்டேஜால் சுற்றினாள். மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, நடுவில் குறுக்குமறுக்கு. கை தேர்ந்தவள். கடைசி நுனியைச் செருகிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

"இப்பதான் எனக்கு மனசு நிறைஞ்சிருக்கு" என்றாள். உச்சி முதல் பாதம் வரை, பூட்ஸைத் தவிர, நான் வெள்ளையாக இருந்தேன்.

செட்டியார்பட்டி வரை போய்த் திரும்பினேன். ஒரு பள்ளத்தில்கூட இறங்கவில்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் வரும்போது எதிரே பால்ச்சாமி சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டதும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் கேட்டது, "ஏலே காசி, விழுந்துட்டியா?" என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் வீட்டுக்கு வந்து கட்டுகளை அவிழ்த்து முகம் கழுவுவதற்குள், வாசலில் முதல் ஹார்லிக்ஸ் பாட்டில் வந்துவிட்டது. அன்றைக்கு நான்கு. மறுநாள் ஏழு. ரொட்டியும் சாத்துக்குடியும் கணக்கில் இல்லை. வந்தவர்களிடம் பரிபூரணம் முதலில் உள்ளதைச் சொன்னாள். யாரும் ஏற்கவில்லை. அந்தக் கோலத்தை ஊரே பார்த்திருக்கிறது. பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டியதற்குப் பால்ச்சாமி சாட்சி.

தேவதானத்திலிருந்து என் சித்தி சுடலைமாடத்தி பஸ் ஏறி அழுதுகொண்டே வந்தாள்.

"ஏ ராசா, எங்கல பட்டுது?"

நான் எழுந்து நின்று கைகளை நீட்டி மடக்கிக் காட்டினேன். "எங்கயும் படல சித்தி."

"தலையில பட்டவுக அப்படித்தான் சொல்லுவாக."

"ஒடம்புல ஒரு கீறலாவது தெரியுதா, நீங்களே பாருங்க" என்றாள் பரிபூரணம்.

"வெளிய தெரியுற காயம் ஆறிரும்ட்டி. தெரியாததுதான் ஆளத் திங்கும்."

நான் அறிந்த வரையில் அது உண்மை. உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துச் சித்தி மறுபடி அழுதாள்.

எங்கள் பக்கத்தில் அடிபட்டவரைப் போய்ப் பார்ப்பது கல்யாணத்துக்குப் போவதைவிடப் பெரிய கடமை. கல்யாணத்துக்கு வராதவரோடு அடுத்த கல்யாணத்தில் சமாதானமாகிக்கொள்ளலாம். காயத்துக்கு வராதவரோடு பேச்சே கிடையாது. அப்படி வந்தவர்கள் கொண்டுவந்ததைப் பரிபூரணம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தபோது சித்தி பதறிவிட்டாள்.

"ஏட்டி, கூறு கெட்டவளே! காயம் பாக்க வந்தாச்சு, குடுத்தாச்சு. இப்பப் போயி காயமே இல்லன்னா, இனிமே வரப்போற காயத்த முன்கூட்டியே வந்து பார்த்த மாதிரி ஆயிரும். வராதத வா வான்னு கூப்பிட்டதுல்லா அது? அச்சானியம். பேசாம அடிபட்டுதுன்னு வச்சுக்கோ. உங்களுக்கென்ன நட்டம்?"

பரிபூரணத்தின் முகம் மாறியது. அவள் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவள் விபத்தை விவரிக்க ஆரம்பித்தாள். முதலில் சுருக்கமாக, ஒரு நாய் குறுக்கே வந்தது என்றாள். அதன் நிறத்தைக் கேட்டார்கள், செவலை என்றாள். மூன்றாம் நாள் அதில் ஒரு லாரியும் சேர்ந்தது. நான் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். லாரி வந்த அன்று என் இடது தோளில் லேசாக வலிக்க ஆரம்பித்தது.

வாழ்நாளில் அவ்வளவு பேர் என்னோடு பேசியதில்லை. ஒரு மணி நேர மௌனத்துக்கு ஆசைப்பட்டு நான் வாங்கிக்கொண்டது இது.

நான்காம் நாள் முதலாளி ஆளனுப்பினார். கட்டு எதுவும் இல்லாமல், வேட்டி சட்டையில் நடந்து போனேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேசை மேல் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காலடியில் வைத்தார். எனக்குக் கொடுத்துவிட வாங்கி வைத்திருந்ததுபோல.

"சாவிய வை."

பால்ச்சாமி ஏற்கெனவே வந்து அறை வாசலில் நின்றிருந்தார். என்னால் இனியும் பேசாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது.

"நான் விழல முதலாளி."

"விழாம எதுக்குல கட்டு?"

"விழுந்தா அடிபடாம இருக்க."

முதலாளிக்கு இது புரிய நேரமாயிற்று. "ஏலே, அடிபட்ட பொறவு போடுறதுக்குப் பேருதான் கட்டு. முன்னாடியே போட்டா அதுக்குப் பேரென்ன? தலவலிக்கு முந்தி மாத்திரை திம்பியா?"

"அவன் பொய் சொல்லுதான் முதலாளி. நான் கண்ணால பார்த்தேன், பாவம், கழுத்துகூட நிக்கல" என்றார் பால்ச்சாமி.

முதலாளி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கண்கள் விட்டத்துக்குப் போயின. அங்கே அவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் பொறு. வண்டி ஓட்டுறவன் நூறு பேரு. அதுல விழுறவன் எம்புட்டுப் பேரு? ரெண்டு பேரு. இம்புட்டு நாளும் நாம அந்த ரெண்டு பேருக்கா துணி நெய்ஞ்சிருக்கோம்?" எழுந்து நின்றுவிட்டார். "விழாதவன் தொண்ணூத்தெட்டுப் பேரு கெடக்கான்ல வெளிய! காசி, நாளைக்கு அதே வேசத்துல ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போ. பெரிய ஆசுபத்திரி ஒண்ணு இருக்கே, அந்த டாக்டரம்மா நம்ம சரக்கத் தொடவே மாட்டாவ. அவியகிட்டப் போயி இதப் பூராவும் வெளக்கிச் சொல்லி ஆர்டர் வாங்கிட்டு வா. வாங்கிட்டா லைன் ஒனக்கு. இல்லன்னா பால்ச்சாமிக்கு."

மறுநாள்தான் நான் அந்தச் சாலையை முதல்முறையாக முழுதாக ஓட்டினேன். ஊர் முடிந்ததும் தென்னந்தோப்புகள். இடது கைப்பக்கம் மலை கூடவே வந்தது, ஆடிச் சாரலில் பாதி மறைந்து. வாகனங்கள் என்னைக் கடந்து போனது தெரிந்தது, கேட்கவில்லை. கவசத்துக்குள் என் மூச்சு. அதற்குக் கொஞ்சம் கீழே எஞ்சின். யோசிக்க ஆரம்பித்த ஒன்றை முடிக்கும் வரை யாரும் குறுக்கிடவில்லை. அப்படி நேர்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தேன். அதிலும் யாரும் குறுக்கிடவில்லை. கோபுரம் தெரிந்தபோது, இவ்வளவு சீக்கிரமா என்று இருந்தது. இந்தச் சாலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அப்போது தீர்மானமாயிற்று.

ஆசுபத்திரி வாசலில் இறங்கி, கைகளை நீட்டியபடி இரண்டு எட்டு வைத்தேன். கூட்டம் எழுந்து நின்றது.

"வழி விடுங்கய்யா, நமக்கெல்லாம் வெறும் காய்ச்சல்தான்" என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான்கு பேர் என்னைத் தூக்கினார்கள். வாரைக் கழற்ற வேண்டும், கையுறையோடு அது முடியாது, கையுறையைக் கழற்ற இன்னொரு கை வேண்டும். கவசத்தை யாரோ கழற்றியபோது நான் மேசையில் படுத்திருந்தேன். டாக்டரம்மா கத்தரிக்கோலோடு குனிந்திருந்தார்.

"டாக்டர், நான் பேண்டேஜ் விக்க வந்தவன்."

"பேசாதீங்க. பேசினா ரத்தம் ஜாஸ்தியாப் போகும்."

பேசாதே என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். முதல் அடுக்கை வெட்டினார். பஞ்சு. இரண்டாவது அடுக்கு. பஞ்சு. "யாரு இவ்வளவு நல்லா முதலுதவி பண்ணினது?" என்று நர்ஸிடம் கேட்டார். மூன்றாவது அடுக்கும் போனது. என் தோல் வந்தது. மறுகையையும் வெட்டினார், முழங்கால்களையும். கடைசியில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இவருக்கு ஒண்ணுமே இல்லையே."

கம்பவுண்டர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வெளிய அம்புட்டுப் பேரும் அவங்க முறைய விட்டுக் குடுத்து இவர அனுப்பிருக்காங்க டாக்டர். ஒண்ணுமில்லன்னு வெளிய விட்டா இவர அடிப்பாங்க. பொறவு நம்மளையும்."

டாக்டரம்மா கை கழுவப் போனார். "தலையில ஒரு கட்டு போட்டு அனுப்புங்க."

கம்பவுண்டர் என் தலையில் சுற்ற ஆரம்பித்தார். துணி கண்ணுக்கு முன்னால் போகும்போதெல்லாம் என் கண் தானாக எண்ணியது. எங்களுடையதில் அங்குலத்துக்குப் பத்தொன்பது இழை. இதில் பதினாறுதான். வேற்றூர்ச் சரக்கு. சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

கட்டுக்கு மேல் கவசம் இறங்கவில்லை. அதைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு, திறந்த தலையோடு திரும்பினேன். வெட்டிய சட்டையிலிருந்து வழியெல்லாம் பஞ்சு பறந்தது. எல்லா ஹாரனும் கேட்டது. எதிரே வந்த ஒவ்வொருவரும், "பார்த்துப் போங்கய்யா!" என்றார்கள்.

முதலாளி அறைக்குள் நான் நுழைந்ததும் பால்ச்சாமி சாவிக்குக் கையை நீட்டினார். "இன்னைக்கு என்னல சொல்லப்போற? இன்னைக்கும் விழலியா?"

கட்டை அவிழ்த்தேன். நாலு மீட்டர். அவிழ்த்து முடிப்பதற்குள் பால்ச்சாமியின் நீட்டிய கை கீழே இறங்கிவிட்டது. கீறலில்லாத நெற்றியை வெளிச்சத்தில் காட்டினேன். முதலாளி என் நெற்றியைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த துணியை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார்.

"இது எவன் சரக்கு?"

"வெளியூருது. அங்குலத்துக்குப் பதினாறு முதலாளி."

"என் ஆளு தலையில அடுத்தவன் கட்டா! அதும் பதினாறு இழையில! என் வண்டியில போன ஆளு, என் பஞ்சச் சுத்திட்டுப் போன ஆளு!" மேசையைக் குத்தினார். "காசி, வண்டி ஒங்கிட்டயே இருக்கட்டும். தெனமும் போ. அந்த அம்மா நம்ம சரக்குக்குக் கையெழுத்துப் போடுற வரைக்கும் போயிட்டே இரு. போட்ட அன்னைக்கு வந்து சாவியப் பால்ச்சாமிகிட்டக் குடுத்துட்டுப் பழைய மேசைக்கு வந்திரு. இப்பவே ரெண்டு வாரமா நூலெண்ண ஆளில்லாமத் திண்டாடுது. பெரிய ஆசுபத்திரி படிஞ்சிட்டா மத்ததெல்லாம் இவன் பேசியே தள்ளிருவான்."

அவர் அதைத் தண்டனையாக நினைத்தாரா, சலுகையாக நினைத்தாரா தெரியாது. எனக்குப் புரிந்தது இதுதான்: அந்த அம்மா கையெழுத்துப் போடாத வரைக்கும் சாலை என்னுடையது.

பரிபூரணம் சட்டையை ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். நான் தினமும் போனேன். ஆசுபத்திரியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சரக்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்துப் படிப்பேன். விழுந்ததில் எனக்குப் பேச்சு போய்விட்டதாக அங்கே யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருவரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. டாக்டரம்மா கடந்து போகும்போது புத்தகத்தில் முகத்தை இன்னும் தாழ்த்திக்கொள்வேன். ஒரு மணிக்கு எழுந்து, திரும்பி ஓட்டி வருவேன். ஆடி போய், ஆவணியும் பாதி போயிற்று. அந்த ஆறு வாரத்தில் மூன்று தடித்த புத்தகங்கள் முடித்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று சொன்னால் பரிபூரணம் வருத்தப்படுவாள், ஆகவே சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"தினமும் வந்து ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்துட்டுப் போறீங்க. பார்க்கவே பாவமா இருக்கு. ஆர்டர் புத்தகத்தைக் குடுங்க."

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். எழுந்து நின்றேன்.

"வேண்டாம் டாக்டர்."

"என்ன வேண்டாம்?"

அப்போது நான் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. எங்கள் துணியில் மீட்டருக்கு ஒரு இடமாவது முடிச்சு விழும் என்றேன். மழைக்காலத்தில் சலவை பழுப்படிக்கும். வெட்டிய ஓரம் பிரியும். பத்தொன்பது இழை என்று சீட்டில் இருக்கும், திங்கட்கிழமை நெய்ததில் பதினெட்டுதான் தேறும். எண்ணுகிறவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஓயாமல் பேசுவதால் அந்தப் பதினெட்டையும் முழுதாக நம்ப முடியாது. எந்த வாரத்துச் சரக்கு, எந்தத் தறி, எத்தனை இழை குறைவு என்று பதினோரு வருஷம் எண்ணியதையெல்லாம் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள், பேச்சு வந்துவிட்டது என்று கைகூப்பினார்கள். கம்பவுண்டர் மருந்தை அப்படியே வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார். நான் நிறுத்தியபோது எனக்கு மூச்சு வாங்கியது.

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருஷமா ரெப்ரசென்டேடிவ்களைப் பார்க்கிறேன். தன் சரக்கைப் பத்தி உண்மை பேசின ஒருத்தரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். என் சரக்குப் பெட்டியிலிருந்து ஆர்டர் புத்தகத்தைத் தானே எடுத்து, ஒரு வருஷத்துக்கான ஆர்டரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினேன். வாரை இறுக்கினேன். கண்ணாடியை இறக்கினேன். ஊரைத் தாண்டியதும் எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி இராஜபாளையம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே முதல் கியரில் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர் முடிந்ததும் சாவி பால்ச்சாமிக்கு. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, முந்திப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் போகவில்லை. மறுபடியும் காட்டினார். மூன்றாம் முறை வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நானும் நிறுத்திக் கண்ணாடியைத் தூக்கினேன்.

"வண்டி ரிப்பேரா அண்ணாச்சி?"

"இல்ல."

"பொறவு ஏன் முந்தாம வாரீக? ரோடு காலியாத்தான கெடக்கு." என் சட்டையையும் முழங்காலையும் பார்த்தார். கவசத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "ஓகோ. புதுசாப் பழகுதீகளோ?"

"ஆமா. புதுசுதான்."

"அப்பம் மெதுவாவே வாங்க. நான் போயிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். மாடுகள் நடந்தன. நான் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.